கீழே இருந்த புள்ளி

போன மாதம் நான் எழுதிய முப்பது வரி நிரல் ஒன்று, ஒரு பழைய புத்தகத்தில் இருந்த தமிழைத் தின்றுவிட்டது. அதைச் சரிசெய்யப் போன இடத்தில்தான் இந்தப் பதிவு கிடைத்தது.

விருத்தாசலத்தில் எனக்கொரு நண்பர். அவர் உம்மாவுக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. அந்த வீட்டில் தலைமுறையாக இருந்துவரும் கையெழுத்துப் புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்து கொடுத்தார். கொஞ்சம் அரபு பைத்துகள், மீதியெல்லாம் அரபுத்தமிழ். தெரியாதவர்களுக்கு: அரபுத்தமிழ் என்பது தமிழையே அரபு எழுத்தில் எழுதுவது. அர்வி என்றும் சொல்வார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, பரங்கிப்பேட்டை, இலங்கை என்று கடற்கரை நெடுக நூற்றாண்டுகளாகப் புழங்கியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'மகானி' போன்ற நூல்கள் அச்சிலும் வந்து பரவின.

ஸ்கேனில் பூச்சி அரித்த ஓட்டைகளும் பழுப்புத் திட்டுகளும் ஏராளம். நல்லூர் வீட்டில் லீவுக்கு வந்திருந்தேன், சும்மாவும் இருக்கத் தெரியாது. படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் பொட்டுகளை எல்லாம் அழிக்கும்படி கோட் எழுதினேன். பக்கங்கள் பளிச்சென்று வந்தன. பெருமையாக பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் நண்பரின் உம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கி மாட்டிக்கொண்டு முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"இது பாடம்னு இருக்கணும் தம்பி. கீழ புள்ளி இருந்துச்சே, எங்க போச்சு?"

அரபியில் ப கிடையாது, ட கிடையாது. அதனால் அரபுத்தமிழ் எழுதியவர்கள் 'ஃபா' எழுத்துக்கு மேலே இருக்கும் புள்ளியோடு கீழேயும் ஒரு புள்ளி வைத்து ப ஆக்கினார்கள். 'தால்' எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து ட ஆக்கினார்கள். அந்தக் கீழ்ப்புள்ளிகளை எடுத்துவிட்டால் 'பாடம்' என்பது 'ஃபாதம்' ஆகிவிடும். நான் அழுக்கு என்று நினைத்துத் துடைத்ததில் பாதி, அந்த எழுத்துகளின் தமிழ்த்தனம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இஸ்லாமியக் கையெழுத்துப் பிரதிகளின் அழகைப் பற்றி நாம் பேசும் விதத்திலேயே இதே ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய படப் புத்தகங்களைப் புரட்டுங்கள். தங்கம், லாபிஸ் நீலம், சூரியவட்டம் மாதிரி விரியும் ஷம்ஸா. கெய்ரோவில் 1304–1306இல் சுல்தான் பைபர்ஸுக்காக ஏழு பாகங்களில் எழுதப்பட்ட குர்ஆன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. எழுதியவர் இப்னுல் வஹீத், எழுத்து முழுக்கத் தங்கம். அலங்காரத்துக்கு சந்தல் என்ற கலைஞரின் குழு தனியாக இருந்தது. இந்தியா என்றால் 1399ஆம் ஆண்டின் குவாலியர் குர்ஆன் இருக்கிறது, இப்போது டொராண்டோ ஆகா கான் மியூசியத்தில். எல்லாம் அற்புதம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அளவுகோலோடு தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினால் 'அலங்காரம் எளிமையானது' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகத்தின் பூ வேலை சுமார்தான். முதல் பக்கத்துத் தலைப்பில் ஒரு கொடி ஓடுகிறது. அச்சுப் புத்தகம் எதையோ பார்த்துப் போட்டது போல இருக்கிறது, இடது மூலையில் இடம் போதாமல் இலைகள் நெருக்கியடிக்கின்றன. சுற்றுக்கட்டம் நேராக இல்லை. அரச கிதாப்கானாவில் எழுத ஒருவர், கோடு போட ஒருவர், தங்கம் பூச ஒருவர், கட்ட ஒருவர். இங்கே எல்லாம் ஒரே ஆள், ஒரே மை. தலைப்புகளுக்கு மட்டும் சிவப்பு.

ஆனால் பூவை விட்டுவிட்டு வரிகளைப் பாருங்கள். பக்கத்துக்கு 11 வரி, இடைவெளி ஒன்றுகூடப் பிசகவில்லை. தாளில் பென்சில் தடமும் கிடையாது. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மை இல்லாத லேசான பள்ளம் தெரிகிறது. மிஸ்தரா என்று ஒரு கருவி உண்டு. அட்டையில் வரிசையாக நூல் கட்டி, அதன்மேல் தாளை வைத்துத் தேய்த்தால் கோடு பதியும். மொராக்கோவிலிருந்து இந்தியா வரை இதே உத்திதான். இந்த எழுத்தர் நூல்களை வழக்கத்தைவிட அகலமாகக் கட்டியிருக்கிறார். ஏன் என்பது இரண்டாம் நாள்தான் புரிந்தது. கீழ்ப்புள்ளிக்கு இடம் வேண்டும். அதற்கும் கீழே உயிர்க்குறிக்கு இடம் வேண்டும். அடுத்த வரியின் மேற்குறிகளோடு அது மோதக் கூடாது. அரபியில் குறில் அ, இ, உ மூன்றுதான். தமிழுக்கு எ, ஒ வேறு வேண்டும், அதற்கும் தனிக்குறி. தமிழ் வந்து உட்கார்வதற்காகவே பக்கத்தின் வடிவமைப்பை மாற்றியிருக்கிறார். இதைவிடப் பெரிய அலங்கார முடிவு அந்தப் புத்தகத்தில் எதுவும் இல்லை.

பக்க எண்ணும் கிடையாது. ஒவ்வொரு தாளின் அடியிலும், அடுத்த பக்கத்தின் முதல் சொல் சாய்வாக எழுதியிருக்கிறது. தையல் பிரிந்தாலும் வரிசை போகாது. நம்ம ஆட்களுக்குச் சொன்னால் உடனே புரியும், அது லிங்க்டு லிஸ்ட்.

இதே காலத்தில் ஓலைச்சுவடியில் தமிழ் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். பெரும்பாலான சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்பதையும் படிப்பவரே இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அரபுத்தமிழிலோ மெய்க்கு சுகூன் என்ற குறி போட்டே ஆகவேண்டும். ஓலையில் விட்டுப்போன புள்ளியைக் காகிதத்தில் இன்னொரு எழுத்துமுறை காப்பாற்றி வைத்திருக்கிறது. பழைய உச்சரிப்பைத் தேடுகிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம் வராதது எனக்கு ஆச்சரியம்தான்.

அலங்காரம் வேறு, படிப்புக் குறி வேறு என்று பிரிப்பதிலேயே கோளாறு இருக்கிறது. ஆரம்பகால குர்ஆன் பிரதிகளில் உயிரொலியைக் காட்டியது சிவப்புப் புள்ளிகள். வசன முடிவைக் காட்ட வைத்த வட்டம்தான் பிறகு தங்கப் பூவாக மலர்ந்தது. வாசிக்க உதவியதுதான் முதலில் வந்தது, தங்கம் அதன்மேல் ஏறியது.

சரி, என் கோடுக்கு வருகிறேன். அழுக்குக்கும் புள்ளிக்கும் கணினி எப்படி வித்தியாசம் பார்க்கும்? வழியைச் சொன்னது பாக்தாத்காரர். இப்னு முக்லா, கி.பி. 940இல் இறந்தவர். அவர் பெயரில் வழங்கும் முறையில் புள்ளிதான் அளவு. நாணல் பேனாவைச் சாய்வாகச் சீவி, தாளில் ஒருமுறை அழுத்தி எடுத்தால் ஒரு சாய்சதுரம் விழும். அலிஃபின் உயரம் பாணியைப் பொறுத்து ஐந்து புள்ளி, ஏழு புள்ளி என்று கணக்கு. அப்படியென்றால் புள்ளியின் அகலம் பேனா முனையின் அகலம். பக்கத்தில் இருக்கும் தடித்த கோடுகளை அளந்தாலே அது கிடைத்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் கோட்டின் தடிமனை முதலில் அளந்து, அதே அளவில், அதே சாய்வில் இருக்கும் பொட்டுகளைத் தொடாமல் விடும்படி மாற்றினேன். பூச்சி ஓட்டை உருண்டையாக இருக்கும், சாய்சதுரமாக இருக்காது. பெரும்பாலான கீழ்ப்புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கணக்கு என் பைத்தான் நிரலில் ஒரு மாறிலியாக உட்கார்ந்திருக்கிறது.

எழுத்தாகத் தட்டுவது தனிக் கதை. ட-வுக்கு உரிய எழுத்து சிந்தி மொழிக்காக யுனிகோடில் முன்பே இருந்தது. அரபுத்தமிழுக்கென்றே மூன்று குறியீடுகள் சேர்ந்தது 2015இல், யுனிகோடு 8.0இல்தான்: கீழே மூன்று புள்ளி வைத்த ஐன், கீழே ஒரு புள்ளி வைத்த காஃப், கீழே இடும் தலைகீழ் தம்மா. குறியீடு வந்தும் என் போனில் இருக்கும் ஃபான்ட் அதில் ஒன்றைக் கட்டமாகத்தான் காட்டுகிறது.

அச்சு வந்தபோது இந்தச் சிக்கலை நம்மவர்கள் கல் அச்சில் தீர்த்தார்கள். பசை மையால் தாளில் எழுதி, அதைச் சுண்ணாம்புக் கல்லுக்கு மாற்றி, கல்லிலிருந்து அச்சடிப்பது. ஈய எழுத்துகளில் அடுக்க முடியாத குறிகளெல்லாம் கையெழுத்தாகவே அச்சில் வந்துவிடும். விருத்தாசலம் பக்கம் செராமிக் கோப்பையில் பூ மாற்றி ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, கிட்டத்தட்ட அதே வேலை.

திரும்பவும் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். உம்மா நான்கு பக்கம் நிற்காமல் படித்தார். ஐந்தாம் பக்கத்தில் மறுபடி நின்றார். அங்கே சிவப்பு மை, கருப்பு வெள்ளையில் சாம்பலாகி, நிரலுக்குக் கண்ணில்படாமல் போயிருந்தது. மொத்தத்தையும் கலரில், 600 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லி நண்பரிடம் கேட்டிருக்கிறேன். அந்தப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் படிக்க அந்த வீட்டில் இப்போது அவர் ஒருவர்தான், வயது 78. அவர் படிப்பதைப் பதிவு செய்யவும் தேதி கேட்டிருக்கிறேன்.