பொழுதும் உரிப்பொருளும்: அகமரபிலும் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படத்திலும் அகநிலைக் காலம்

ஆய்வுச்சுருக்கம்

தொல்காப்பியம் பொழுதை முதற்பொருளாகவும் உணர்வொழுக்கத்தை உரிப்பொருளாகவும் வகுத்தது. எனினும் உணர்வே பொழுதைத் தீர்மானிக்கும் இடங்கள் அகமரபுக்குள்ளேயே உள்ளன. அவ்விடங்களை அளவுகோலாகக் கொண்டு, தேனி மாவட்டத்து ஏலமலைச் சரிவின் வாழ்வைக் காட்டும் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) காலத்தைக் கையாளும் முறையை இக்கட்டுரை ஆராய்கின்றது. அதில் காணப்படும் ஒரு குறைபாட்டையும் சுட்டுகின்றது.

திறவுச்சொற்கள்: முதற்பொருள், உரிப்பொருள், சிறுபொழுது, காத்திருத்தல், ஏலமலை, போடிநாயக்கனூர்

மயங்கும் பொழுது

குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும், முல்லைக்குக் காரும் மாலையும் உரியன என்பது அகத்திணையியலின் வகைப்பாடு. வகுப்பறையில் இதனை அட்டவணையாகப் போட்டு மனப்பாடம் செய்விக்கும் வழக்கத்தால், நிலமும் பொழுதும் முதலில் நிற்க, உணர்வு அவற்றைத் தொடர்ந்து வரும் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகின்றது. தொல்காப்பியர் கூறுவது அதுவன்று. முதல், கரு, உரி என்ற மூன்றும் செய்யுளில் ஒன்றைவிட அடுத்தது சிறந்து நிற்கும் என்பது அவர் கருத்து. திணைகள் மயங்கலாம், நிலம் மயங்காது என்ற நூற்பாவிற்கு உரை கண்டோர், நிலம் மயங்காது எனவே காலம் மயங்கும் என்று வருவித்துரைத்தனர். பொழுதுக்கு இந்நெகிழ்ச்சி ஏன் தரப்பட்டது என்ற வினாவைத் திணைக்கோட்பாடு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

குறுந்தொகையின் இரு பாடல்கள் இவ்வினாவிற்கு விடை தருகின்றன. மிளைப்பெருங்கந்தனின் 234ஆம் பாடலில், கதிர் மறைந்து முல்லை மலரும் வேளைக்கு மாலை என்று பெயரிடுவோரைத் தலைவி அறியாதவர் என்கிறாள். துணையற்றவர்க்குக் கோழி கூவும் விடியலும் நண்பகலும்கூட மாலையாகவே இருக்கின்றன என்பது அவள் கட்சி. அள்ளூர் நன்முல்லையாரின் 32ஆம் பாடல் குறிஞ்சித்திணையது. அங்கே மடலேறத் துணியும் தலைவன், காலை முதல் விடியல் வரையிலான பொழுதுகளைப் பிரித்தறிய முடியுமாயின் அந்தக் காமம் பொய்யானது என்கிறான். இவற்றை உயர்வு நவிற்சி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் 234ஆம் பாடல், மரபு மாலைக்குக் கூறும் இலக்கணத்தையே எடுத்துக்கொண்டு மறுக்கின்றது. உரிப்பொருள் முதற்பொருளுக்குப் பெயர் சூட்டும் உரிமையைத் தன்னிடம் எடுத்துக்கொள்வதாகவே அதனைக் கொள்ளவேண்டும்.

திருக்குறள் காட்டுவது வேறொன்று. தொலைவு சென்றவர் மீளும் நாளை எதிர்நோக்கி ஏங்குவோர்க்கு ஒரு நாள் ஏழு மடங்காக நீள்வதை 1269ஆம் குறள் கூறும். அதே அதிகாரத்தின் முதற்குறளில், பிரிந்த நாள்களைத் தொட்டுத் தொட்டு எண்ணியதால் விரல் தேய்ந்து போகின்றது. இங்கே பொழுதுகளின் வேறுபாடு அழியவில்லை; ஒவ்வொரு நாளும் தனித்தனியே எண்ணப்படுகின்றது, எண்ணப்படுவதாலேயே நீள்கின்றது. ஆகவே அகமரபில் காலம் நீளுதல் ஒன்று, காலம் கலங்கிப்போதல் மற்றொன்று. முன்னதற்குக் காத்திருக்க ஒரு குறித்த நாள் வேண்டும். பின்னதில் அந்நாளே இல்லை. இரண்டையும் ‘பிரிவாற்றாமை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம் திறனாய்வின் பழக்கம்.

வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் ஒரு முரணைக் கவனித்தார்: நிகழ்வு நிறைந்த காலம் கடக்கும்போது குறுகியதாகவும், நினைத்துப் பார்க்கையில் நெடியதாகவும் தோன்றும், வெறுமையான காலம் கடக்கும்போது நெடியது, நினைவில் குறுகியது. குறளின் ஏழு நாள் இம்முரணின் பிற்பாதியோடு பொருந்தும். 234ஆம் பாடலுக்கு ஜேம்ஸிடம் இடமில்லை.

சரிவில் ஏறும் காலம்

‘மேற்குத் தொடர்ச்சி மலை’யின் நாயகன் ரெங்கசாமி ஒரு நிலமற்ற சுமைத்தொழிலாளி. அடிவாரத்துக்கும் மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்களுக்கும் இடையே நடந்து ஏறி, மூட்டை சுமந்து இறங்குபவன். ஒரு துண்டு நிலம் வாங்குவதே அவன் ஆசை. நிலம் கைக்கு எட்டும்போதெல்லாம் நழுவுகின்றது. ஒருமுறை, நிலத்துக்கான பணமாக மாறவேண்டிய ஏலமூட்டையே பள்ளத்தில் உருண்டு சிதறுகின்றது.

படம் வெளிவந்தபோது அதன் முற்பகுதி மெதுவாகச் செல்கின்றது என்ற குறை சொல்லப்பட்டது. பாராட்டியவர்களிலும் சிலர் அதனை ‘ஆவணப்படத் தன்மை’ என்று சொல்லிப் பொறுத்துக்கொண்டனர். இவ்விரு மதிப்பீடுகளும் காலத்தைப் பார்வையாளரின் இருக்கையிலிருந்து அளக்கின்றன. மலையேறுவோனின் நடையில் வெறுமை இல்லை. வழியில் ஆள் உண்டு, பேச்சு உண்டு, தேநீர் உண்டு, கல்லும் வேரும் உண்டு. ஒவ்வோர் அடியும் கவனத்தைக் கேட்கின்றது. ஜேம்ஸின் கணக்குப்படி இது கடக்கும்போது குறுகிய காலம். அதே படம் திருமணத்தையும் மகப்பேற்றையும் மகனின் வளர்ச்சியையும் சில வெட்டுகளில் தாண்டிவிடுகின்றது. ஒரு நாளின் ஏற்றம் விரிகின்றது, ஆண்டுகள் சுருங்குகின்றன. நிலம் என்னும் குறித்த நாளை நோக்கி வாழ்பவனுக்கு இடைப்பட்ட ஆண்டுகள் ஏக்கத்தால் நீண்டிருக்கவேண்டும் அல்லவா? நீளவில்லை, ஏனெனில் அவனுக்கு உட்கார்ந்து எண்ண ஓய்வில்லை. குறளின் தலைவிக்கு விரலும் சுவரும் இருந்தன. இவன் கைகள் மூட்டையைப் பிடித்துள்ளன.

இறுதிக்காட்சியில் நிலை தலைகீழாகின்றது. தான் வாங்கி இழந்த நிலத்திலேயே, காற்றாலைகளுக்கு நடுவே காவலாளாக அவன் அமர்ந்திருக்கின்றான். இப்போது ஓய்வு உண்டு, குறித்த நாள் இல்லை. எந்நேரமும் ஒரே நேரம். 234ஆம் பாடலின் காலம் இதுவே என்பது என் துணிபு. காதற்பிரிவுக்கு வகுக்கப்பட்ட ஓர் அகநிலையை நிலப்பிரிவுக்கு நீட்டியது இப்படத்தின் உண்மையான சாதனை.

இவ்வாசிப்புக்கு ஒரு தடை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அகத்தலைவியின் பொழுது அவளுடையது, தொழிலாளியின் பொழுது கூலிக்கு விற்கப்பட்டது. ஈ. பி. தாம்சன் 1967ஆம் ஆண்டுக் கட்டுரையில், வேலையின் போக்கே காலத்தை அளந்த நிலையிலிருந்து கடிகாரம் வேலையை அளக்கும் நிலைக்கு இங்கிலாந்து மாறியதை விளக்கினார். ஏலமலையில் இரண்டும் அருகருகே இயங்குகின்றன. நட்ட செடி காய்ப்புக்கு வர ஏறத்தாழ மூன்றாண்டு; பழுக்கும் முறைக்கேற்பப் பல சுற்றாக எடுப்பு; எடுத்த காயை உலர்த்த ஓர் இரவும் அதற்கு மேலும். அதே காய் போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வந்ததும் சில நொடிகளில் விலை போகின்றது. இன்று அடிவாரத்துப் பெண்கள் பெரும்பாலும் ஜீப்பில்தான் மலையேறுகின்றனர். விடியுமுன் எழுப்புவது அவர்கள் அகநிலையன்று, ஜீப்பின் ஒலிப்பான். உள்ளம் காலத்தை வடிவமைக்கின்றது என்ற கூற்று இங்கே பாதி உண்மைதான்; காலம் முதலில் உள்ளத்தை வடிவமைத்துவிடுகின்றது. (இவ்வட்டாரம் நீண்ட எதிர்பார்ப்புகளுக்குப் பழகியதும்கூட. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 1928இல் வந்த மதுரை–போடி இரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்டு, 2023 சூனில்தான் மீண்டும் போடியை எட்டியது.)

ஈஸ்வரியின் நாள்கள்

படத்தின் குறைபாடு இதனோடு தொடர்புடையது. ரெங்கசாமி சிறை சென்ற காலம் படத்தில் விரைந்து கடக்கின்றது. அது அவன் மனைவி ஈஸ்வரி காத்திருந்த காலம், திணை மரபில் சொன்னால் முல்லை. தலைவன் இல்லாத இல்லம், வளரும் பிள்ளை, கடனில் வாங்கிய விதையும் உரமும் என, நிலம் கைநழுவும் முழு நிகழ்வும் அவள் காலத்துக்குள்தான் நடக்கின்றது. ஆணின் ஒரு நாள் நடைக்கு அத்துணைப் பொறுமையோடு உடன் சென்ற காமிரா, பெண்ணின் ஆண்டுகளைச் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போகின்றது. இரண்டாயிரம் ஆண்டுத் தமிழ்க்கவிதை மிகுதியாகப் பேசிய காலம் காத்திருக்கும் பெண்ணின் காலம். அதை இப்படம் பேசாமல் விட்டதைச் சிக்கனம் என்று பாராட்ட என்னால் இயலவில்லை.

பேசியிருந்தால் குறளிலிருந்து வேறுபட்ட ஒன்று கிடைத்திருக்கும். 1261ஆம் குறளில் நாள்களை எண்ணுபவள் தலைவி. ஈஸ்வரியின் நாள்களை எண்ணியது உரக்கடையின் கடன் கணக்கு. கணவன் மீளும் நாளை நோக்கி அவளுக்கு ஒவ்வொரு நாளும் நீண்டிருக்கலாம். அதே நாள்கள் வட்டியின் பக்கத்தில் விரைந்து சேர்ந்துகொண்டிருந்தன.