யார் செய்த பாவம்?
பேரழிவும் நம் பிரசங்க பீடமும்: ஒரு திறனாய்வு

இயற்கைப் பேரழிவு நேரும்போதெல்லாம் நம் பிரசங்க பீடங்களிலிருந்து எழும் ஒரு விளக்கத்தை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். மாண்டவர்களுடைய பாவமே அழிவுக்குக் காரணம், கடவுள் தண்டித்தார் என்பதே அவ்விளக்கம். இது பக்தியின் மொழியில் பேசுகிறது. திருமறை வசனங்களையும் துணைக்கு அழைக்கிறது. ஆயினும் இது நற்செய்திக்கு இசைந்ததன்று என்பது நம் முடிவு. இம்முடிவுக்கு நாம் நூல்களின் வழியாக மட்டும் வந்து சேரவில்லை.

கடலூர்க் கரையில்

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.28 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை நம் கரையை அடைந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பகுதியின் எம்.ஜி.ஆர். திட்டு வரை மீனவக் குடியிருப்புகள் சிதைந்தன.

அவ்வாண்டின் இறுதி இரவில் இவ்வட்டாரத்துச் சபையொன்றில் நடந்த ஆராதனையில் நாமும் அங்கி அணிந்து பீடத்தின் அருகே அமர்ந்திருந்தோம். விக்கிரக வணக்கத்தாலும் ஓய்வுநாளை மதியாமையாலும் கடற்கரை மக்கள் அடிக்கப்பட்டனர் என்று அருளுரையாளர் முழங்கினார். இரு பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்த தாய் ஒருத்தியை உறவினர் அழைத்து வந்து கடைசி வரிசையில் அமர்த்தியிருந்தனர். அவள் அழவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. உரை முடிந்ததும் சபையார் ‘ஆமென்’ என்றனர். நாமும் சொன்னோம். இக்கட்டுரை அந்த ஆமெனைத் திரும்பப் பெறும் முயற்சி என்று வாசகர் கொள்ளலாம்.

இவ்விளக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. காஞ்சி சங்கராச்சாரியார் அந்த நவம்பரில் கைது செய்யப்பட்டதன் விளைவே அலை என்று சிலர் கூறினர். அச்சே நாட்டில் சமய ஒழுக்கம் தளர்ந்ததன் தண்டனை என்று இஸ்லாமியப் போதகர் சிலர் கூறினர். ஒரே அலைக்கு ஒவ்வொருவரும் தமக்கு உவந்த குற்றவாளியைக் கண்டுபிடித்தனர். நம்முடைய விளக்கமோ வேளாங்கண்ணிக்கு வரும்போது வாயடைத்து நிற்கிறது. அங்கே ஆலயம் நின்றது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்து கடற்கரையில் இருந்த யாத்திரிகர் பலர் மாண்டனர். அவர்கள் செய்த குற்றம் யாது?

கடலூர்க் கரையில் மாண்டவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் மிகுதி. பெண்கள் மிகுதியான பாவிகளா? ஆடவர் பலர் கட்டுமரத்திலும் படகிலும் ஆழ்கடலில் இருந்தனர். ஆழ்கடலில் அந்த அலை உயர்ந்தெழுவதில்லை. மீனை வாங்கி விற்கும் பெண்கள் கரையில் காத்திருந்தனர்; பிள்ளைகள் அவர்களோடும் வீட்டிலும் இருந்தனர். யார் எவ்விடத்தில் என்ன வேலை செய்தார் என்பதே பெரும்பாலும் சாவையும் பிழைப்பையும் பிரித்தது.

1934-ஆம் ஆண்டின் விவாதம்

நம் நாட்டில் இக்கேள்வி மிக உயர்ந்த தளத்தில் விவாதிக்கப்பட்டதுண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகார் நிலநடுக்கம் நேர்ந்தது. தீண்டாமை ஒழிப்புப் பயணத்திலிருந்த காந்தியடிகள், அது தீண்டாமைப் பாவத்திற்குக் கடவுள் அளித்த தண்டனை என்று அம்மாத இறுதியில் திருநெல்வேலியில் உரைத்தார். கவி தாகூர் மறுப்பு எழுதினார். அதனையும் தம் பதிலையும் காந்தியடிகள் பெப்ரவரியில் ‘ஹரிஜன்’ இதழில் வெளியிட்டார். அதே மாதம் அவரது பயணம் நம் தென்னார்க்காடு மாவட்டத்தையும் தொட்டது.

இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு என்பது தாகூரின் வாதம். இவ்வகை விளக்கம் காந்தியடிகளைவிட அவருடைய எதிரிகளுக்கே நன்கு பயன்படும் என்பதையும் அவர் சுட்டினார். இத்தொடர்பை நிறுவ இயலாது, எனினும் உள்ளூர நம்புகிறேன் என்ற கருத்தில் காந்தியடிகள் விடையளித்தார்.

காந்தியடிகளுக்கு நீதி செய்ய வேண்டும். அவர் தமக்கு வேண்டாதோரைச் சுட்டவில்லை. தாமும் பங்குடைய உயர்சாதிச் சமுதாயத்தையே சுட்டினார். நம் ஆண்டிறுதிப் பிரசங்கியாருக்கும் அவருக்கும் உள்ள தூரம் பெரிது. ஆயினும் தாகூர் பக்கமே நாம் நிற்கிறோம். பீகாரில் இடிந்த சுவர்களின் கீழ் தீண்டப்படாதவர்களும் கிடந்தனர் அன்றோ? தீண்டாமை பாவம் என்பதற்குத் திருமறையே போதிய சான்று. அதற்குப் பிணங்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

சிதம்பரத்தில் இதனைச் சொல்லும்போது நந்தனார் கதை நினைவுக்கு வராதிருக்க இயலாது. அக்கதையில் நெருப்பில் மூழ்கித் தூய்மை பெற வேண்டியவராய் நிற்பவர் வெளியே நிறுத்தப்பட்டவரே. வெளியே நிறுத்தியோர் அல்லர். அயலார் கதையென்று நாம் இதனை ஒதுக்கிவிடவும் கூடாது. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருந்த சபைகள் நம்மிடையே உண்டு. துன்புற்றவனையே குற்றவாளியாக்கும் பழக்கம் நம் சமுதாயத்தின் பழைய பழக்கம்.

திருமறை என்ன சொல்கிறது?

ஆமோஸ் 3:6-ஐக் காட்டி நம்மை மறுப்போர் உண்டு. நகரத்திற்கு நேரும் தீங்கு ஆண்டவரின் கையினின்று வருகிறது என்னும் பொருள்பட அவ்வசனம் அமைந்துள்ளது மெய்யே. ஆயின் தீர்க்கன் யாரை நோக்கிப் பேசினான்? எளியோரை நசுக்கிய சமாரியாவின் செல்வரையும் பெத்தேலின் பீடங்களை நம்பியோரையும் நோக்கியே பேசினான். உயிரோடிருக்கும் வலியவர்க்கு உரைத்த எச்சரிப்பை, மாண்ட எளியவர்மேல் எழுதும் தீர்ப்பாக மாற்ற நமக்கு உரிமையில்லை. யோபுவின் நண்பர்கள் செய்த பிழை இதுவே. ஏழு நாள் மௌனமாய் உடன் அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல ஆயர்களாயிருந்தனர் (யோபு 2:13). வாய் திறந்து கடவுளுக்காக வழக்காடியபின் கடவுளே அவர்கள்மேல் சினங்கொண்டார் (42:7).

இப்பொருளில் தலையாய பகுதி லூக்கா 13:1-9. பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றி மட்டுமே மக்கள் வந்து கூறினர். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரை நினைவூட்டியவர் ஆண்டவரே. மனிதன் இழைத்த கொடுமை ஒன்று, தற்செயலாய் நேர்ந்த விபத்து ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்து, மாண்டவர் மற்றவரினும் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை இருமுறை மறுக்கிறார். நான்காம் வசனத்தின் மூலமொழிச் சொல்லுக்குக் ‘கடன்பட்டோர்’ என்பது நேர்ப்பொருள். மக்கள் வைத்திருந்த கடன் கணக்கை ஆண்டவர் மூடிவிடுகிறார். அதோடு நில்லாமல், கேட்டவர்களையே மனந்திரும்ப அழைக்கிறார். கேள்வி மாண்டவரை விட்டு உயிரோடிருப்பவரிடம் திரும்புகிறது. யோவான் 9:1-3-இலும் பிறவிக்குருடன் பொருட்டுச் சீடர் கேட்ட கேள்வி இவ்வாறே மறுக்கப்படுகிறது.

பழியும் பொறுப்பும்

அப்படியாயின் எவரும் பொறுப்பல்லரோ? அவ்வாறு கூறுவதும் தவறு. பசிபிக் கடலுக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் உண்டு. இந்துமாக்கடலுக்கு 2004-இல் இல்லை. அந்த இரண்டு மணி நேரம் வீணாயிற்று. ஐதராபாத்தில் நம் நாட்டு நிலையம் 2007 அக்டோபரில்தான் இயங்கத் தொடங்கியது. நிவாரணத்தில் தலித் மக்களும் இருளரும் ஒதுக்கப்பட்டதை அக்காலத்து அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. அலையை நாம் எழுப்பவில்லை. நிவாரண வரிசையில் சாதியைப் புகுத்தியவர்கள் மனிதரே.

இங்கும் நிதானம் தேவை. பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகள் சிற்றூர்களைக் காத்தன என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2005-இல் எழுதினர். கடலினின்று உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே பெரிதும் காத்தன என்று வேறு ஆய்வாளர் மறுத்தனர். காட்டைக் காப்பது நம் கடன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மரம் வெட்டியவனே கொலையாளி என்று பீடத்தில் முழங்குவோமாயின், பழைய பிரசங்கத்தையே புதிய சொற்களில் செய்தவராவோம். பழி விரைந்து ஓர் ஆளைத் தேடுகிறது; பொறுப்போ பொறுமையாய் உண்மையை விசாரிக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோதும், 2015-இன் பெருவெள்ளத்திலும் அதே பிரசங்கம் மீண்டும் ஒலித்தது. இனியும் ஒலிக்கும். எனவே இறையியல் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். துக்க வீட்டில் காரணம் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் இருந்ததுபோல் இருங்கள். பேச வேண்டிய நாள் வரும்போது சபையை நோக்கிப் பேசுங்கள்: எச்சரிக்கை கடைசிக் குடிசை வரை எட்டுகிறதா, புயல் பாதுகாப்பு இல்லத்தின் கதவு எல்லாருக்கும் திறக்குமா என்று கேளுங்கள்.

சீலோவாமைப் பற்றிப் பேசிய அதே மூச்சில் ஆண்டவர் அத்திமர உவமையைச் சொன்னார். கனியற்ற மரத்திற்கு இன்னும் ஓராண்டு தவணை. தோட்டக்காரன் சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறான். அத்தவணையில்தான் நாம் வாழ்கிறோம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அந்தத் தாய்க்கு நாம் தரவேண்டியிருந்தது விளக்கமன்று. அவளருகில் சென்று அமர்ந்திருக்க வேண்டும். அதை நாம் செய்யவில்லை. அடுத்த முறை நம் மாணவர் செய்வார்களாக.