யாருக்குக் கடுக்காய்?

‘தகவலைப் பகிருங்கள், எல்லோருக்கும் லாபம்!’ தொழில்துறைக் கருத்தரங்குகளில் இப்போது இதுதான் சுப்ரபாதம். கார் கம்பெனி, அதற்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி, அந்தக் கம்பெனிக்கு போல்ட்டு, நட்டு செய்து தரும் பட்டறை... எல்லோருடைய கம்ப்யூட்டரும் ஒன்றோடு ஒன்று பேச வேண்டுமாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. யார் சொல்வது, யார் கேட்டுக்கொள்வது என்பதில்தான் வில்லங்கம்.

புதுச்சேரிக்கு இது புதுசு இல்லை. முந்நூறு வருஷப் பழைய கதை. துவைத்தாலும் சாயம் போகாத நம்மூர்ப் பருத்தித் துணி அன்றைக்கு ஐரோப்பாவில் பெரிய மோகம். உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686-ல் தடையே போட்டுப் பார்த்தது. ஆசை அடங்கவில்லை. 1734 வாக்கில் பொலியு என்ற பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி, இதே புதுச்சேரியில் உட்கார்ந்து, துணியில் சித்திரம் எழுதிச் சாயம் ஏற்றுவதைக் கண்ணெதிரே செய்யவைத்துப் பார்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி, குறிப்போடு பாரிஸுக்குக் கொண்டுபோனார்.

அடுத்து 1742-ல் கெர்தூ என்ற பாதிரியார். புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, நீளமாக ஒரு கடிதம் எழுதினார். கடுக்காய், எருமைப்பால், சாயவேர் என்று பக்குவம் மொத்தமும் அதில் வந்துவிட்டது. ஆட்களைத் தனித்தனியாக விசாரித்து, பதில் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொண்டார். இன்றைய பாஷையில் சொன்னால், வெண்டர் ஆடிட்!

1759-ல் பிரான்ஸ் தடையை நீக்கியது. மறு வருஷமே வெர்சாய் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் என்பவர் அச்சுத் துணித் தொழிற்சாலை ஆரம்பித்தார். பெரிய பேர் எடுத்தது. ஒரு கடிதத்தால்தான் நம் சாயத் தொழில் படுத்தது என்று சொல்ல வரவில்லை. இயந்திரம், வரி, காலனி ஆட்சி என்று காரணங்கள் பல. ஆனால் ஒரு பி.காம். கேள்வி பாக்கி இருக்கிறது. கொடுத்த தகவலுக்கு அந்தச் சாயக்காரர் கணக்கில் வரவு என்ன? பேரேட்டில் அந்தப் பக்கம் காலி.

இப்போது மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு என்று நம் தொழிற்பேட்டைகள் பக்கம் வாருங்கள். பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துபவரிடம் பெரிய கம்பெனிகள் வழக்கமாகக் கேட்பது ‘காஸ்ட் பிரேக்-அப்’. இரும்பு எவ்வளவு, மெஷின் ஒரு மணி நேரத்துக்கு என்ன ஆகிறது, கூலி எவ்வளவு, கழிவு எவ்வளவு, உன் லாபம் எத்தனை சதவிகிதம்? கூடவே எந்த வரிசையில் செய்கிறாய் என்ற புராஸஸ் ஷீட்டும். தராவிட்டால் ஆர்டர் இல்லை. தந்தால்? கழிவைக் குறைக்க அவர் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடிப்பார். அடுத்த வருஷம், ‘உனக்குத்தான் கழிவு குறைஞ்சிடுச்சே, விலையைக் குறை’ என்பார் பர்சேஸ் மேனேஜர். அதே ஷீட் இன்னொரு பட்டறையின் மேஜைக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? இதற்குப் பெயர் பகிர்தல் இல்லை சார், பிடுங்கல்.

பகிர்வதே தப்பா? இல்லவே இல்லை. 1997 பிப்ரவரி 1. ஜப்பானில் ஐசின் கம்பெனியின் தொழிற்சாலை ஒன்று எரிந்துபோனது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சின்ன வால்வு கிட்டத்தட்ட முழுக்க முழுக்க அங்கேதான் தயாரானது. டொயோட்டா படுத்துவிட்டது. ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் களத்தில் இறங்கின. தையல் மெஷின் செய்யும் பிரதர்கூட வால்வு செய்தது! சில நாளில் கார்கள் மறுபடி ஓடி வந்தன. அதோடு நிற்கவில்லை. உதவியவர்களின் செலவை ஐசின் ஏற்றது. டொயோட்டா தன் முதல்நிலை சப்ளையர்களுக்கு அந்தக் காலாண்டு விற்பனையில் ஒரு சதவிகிதத்தை நன்றிப் பணமாகக் கொடுத்தது. கொடுத்த கைக்குத் திரும்ப வந்தது. அங்கே பகிர்தல் நடந்ததற்கு இந்த நம்பிக்கைதான் முதல்.

ஐரோப்பிய யூனியனும் விழித்துக்கொண்டது. அங்கே 2025 செப்டம்பர் 12 முதல் தரவுச் சட்டம் அமலில் இருக்கிறது. இணையத்தோடு இணைந்த மெஷினை ஓட்டுபவருக்கு, அது தரும் தகவலைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. தகவல் விஷயத்தில் பெரியவர் ஒருதலையாகத் திணிக்கும் அநியாய நிபந்தனை சின்னவரைக் கட்டுப்படுத்தாது.

நம்மிடம்? 2023-ம் வருஷத் தகவல் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதர் தகவலுக்கு மட்டும்தான். பட்டறையின் கழிவுக் கணக்கு அதில் வராது. தொழில் ரகசியத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் பரிந்துரை செய்தது. பட்டறைக்காரர் நம்பி நிற்பது பெரும்பாலும் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை. அந்த ஒப்பந்தத்தை எழுதுவதோ, எதிர்த்தரப்பு வக்கீல்!

தொழில் சங்கங்கள் கருத்தரங்கில் போண்டா சாப்பிட்டது போதும். ஒரு மாதிரி ஒப்பந்தம் தயார் செய்யட்டும். அதில் நாலே கேள்வி. எதற்காகக் கேட்கிறாய்? யார் யார் பார்ப்பார்கள்? வேலை முடிந்ததும் அழிப்பாயா? நான் மிச்சப்படுத்தியதில் எனக்கு எத்தனை பங்கு? தனி ஆளாகக் கேட்டால் ஆர்டர் போகும். தொழிற்பேட்டையே சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்று கடுக்காய்ப் பக்குவத்தைச் சும்மா கொடுத்தோம். இன்று நமக்கே கடுக்காய் கொடுத்துவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை!