கைக்குட்டையைக் கீழே போடுங்கள்

க்ரைம் கதை எழுதப் போகிறீர்களா? முதலில் வில்லன் கையிலிருக்கும் கைக்குட்டையைப் பிடுங்கிவிடுங்கள். பின்னாலிருந்து மூக்கில் அமுக்கியதும் கதாநாயகி துவண்டு விழுவதை மாத நாவல்களிலும் சினிமாவிலும் எத்தனை தடவை பார்த்தாயிற்று! குளோரோஃபார்ம் அப்படி வேலை செய்யாது. ஆள் மயங்க, சில நிமிஷமாவது விடாமல் முகர வேண்டும். அதுவரை அந்தப் பெண் சும்மா இருப்பாளா? கடிப்பாள், உதைப்பாள். அளவு மீறினால் இதயமே நின்றுவிடும். எடின்பரோவில் டாக்டர் சிம்ப்சன் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1847-ல். அடுத்த வருஷமே இங்கிலாந்தில், கால்நகம் எடுப்பதற்காக இதைக் கொடுக்கப்பட்ட 15 வயதுப் பெண் சில நிமிஷத்தில் இறந்துபோனாள்.

அடுத்தது, ஆஸ்பத்திரி மானிட்டரில் கோடு நேராகிவிட, டாக்டர் ஷாக் கொடுக்க, ஹீரோ கண் விழிப்பது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் ஷாக். துடிப்பே இல்லாத நேர்கோட்டுக்கு அது உதவாது.

பெரிய எழுத்தாளர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். டாரதி ஸேயர்ஸ் 1927-ல் எழுதிய ‘அன்நேச்சுரல் டெத்’தில் கொலை செய்வது ஊசியில் ஏற்றிய வெறும் காற்று. புத்திசாலித்தனமான ஐடியாதான். ஆனால், ஒரு சாதாரண சிரிஞ்சில் அடங்கும் காற்று அதற்குப் போதாது என்று டாக்டர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

அகதா கிறிஸ்டி கதை வேறு. முதல் உலகப் போரின்போது டார்க்கீ ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்த அம்மாள் அவர். 1920-ல் வந்த முதல் நாவலையே மருந்தாளுநர்களின் பத்திரிகை பாராட்டியது. 1961-ல் வந்த ‘த பேல் ஹார்ஸ்’ இன்னும் நேர்த்தி. அதில் தாலியம் என்கிற விஷம். யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வசனம் பேசிச் சாவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வியாதி என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது முடி கொட்டுவது ஒன்றுதான். கதையை நம்பவைப்பது அந்த டாக்டர்களின் தவறான தீர்ப்புதான். நிஜத்திலும் விஷம் அப்படித்தான் ஒளிந்துகொள்ளும்.

இதன் பலன் என்ன தெரியுமா? 1977-ல் கத்தாரிலிருந்து லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரிக்கு ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். 19 மாசம். என்ன வியாதி என்று யாருக்கும் பிடிபடவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், ‘தாலியமாக இருக்குமோ?’ என்றார். சோதித்தால், அதேதான். குழந்தை பிழைத்தது. அதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதிய டாக்டர்கள் மறைந்த கிறிஸ்டிக்கு நன்றி சொன்னார்கள்.

கவனியுங்கள். அந்த நர்ஸுக்கு உதவியது விஷத்தின் அளவோ, அது கிடைக்கும் கடையோ இல்லை, அறிகுறிகள். எவ்வளவு, எங்கே என்பதெல்லாம் சமையல் குறிப்பு, கதைக்குத் தேவையில்லை. உடம்பில் என்ன ஆகும், எத்தனை நாளில் ஆகும், பார்க்கிறவர் அதை என்னவென்று நினைப்பார் - இந்த மூன்றையும் தெரிந்த டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள், போதும்.

‘கதைதானே சார்’ என்பீர்கள். பாம்பு கடித்த இடத்தைக் கீறி, வாயால் உறிஞ்சித் துப்பும் ஹீரோவை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்? இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கீறுவதும் உறிஞ்சுவதும் விஷத்தை எடுக்காது, நேரத்தைத்தான் தின்னும். உங்கள் ஹீரோ கடிபட்டவனை அசையவிடாமல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டும். வழியில் லெவல் கிராஸிங் கேட் மூடியிருக்கட்டும். கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து வரட்டும்.

சஸ்பென்ஸுக்கு அது போதாதா?