இரண்டு மடங்கள், இரண்டு கதவுகள்

திதெரோவின் ‘லா ரெலிஜியூஸ்’ நாவலையும் ஃப்ரெட் ஸின்னமானின் ‘தி நன்ஸ் ஸ்டோரி’ (1959) படத்தையும் ரொம்ப நாளாக ஒரே கதை என்றே நினைத்திருந்தேன். மடத்துக்குள் போகிறாள், மூச்சு முட்டுகிறது, வெளியேறுகிறாள். அவ்வளவுதானே? நான் அப்படி நினைத்ததற்கு ‘கன்னியாஸ்திரீ’ என்ற நம்முடைய ஒற்றைச் சொல்லும் ஒரு காரணம்.

திருச்சபை இருவரையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. கறாராகச் சொன்னால், ‘நன்’ மடத்து மதிலுக்குள்ளேயே ஜெபித்து வாழ்பவர். ‘சிஸ்டர்’ பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வெளியே உழைப்பவர். சிறுமலர் தெரேசாள் முதல் வகை, கல்கத்தாவின் அன்னை தெரேசா இரண்டாம் வகை. 1566ல் ஐந்தாம் பயஸ் துறவறப் பெண்களுக்கு மதிலைக் கட்டாயமாக்கினார். வெளியே சேவை செய்த சபைகளின் பெண்களையும் துறவிகளாக ரோம் முறைப்படி ஏற்றது 1900ல்தான்.

திதெரோவின் சூசன் முதல் வகை. அதுவும் பெற்றோர் வலுக்கட்டாயமாகத் தள்ளிவிட்டவள். வார்த்தைப்பாட்டை ரத்து செய்யக் கோரி வழக்காடித் தோற்கிறாள். அவளுக்கு எதிரி அந்த மதில். ஆனால் தப்பி வந்து சலவைக்காரியிடம் வேலை பார்க்கும்போதும், எங்கோ மணி அடித்தால் அவள் கை தானாகச் சிலுவை போடுகிறது. யாராவது கதவைத் தட்டினால் வாயில் ‘ஆவே’ வருகிறது. மதிலைத் தாண்டிவிட்டாள், மடம் உடம்போடு வந்துவிட்டது.

ஸின்னமானின் சிஸ்டர் லூக் விரும்பிச் சேர்ந்தவள். அவளைக் காங்கோவுக்கு அனுப்பி நர்ஸ் வேலை கொடுப்பதே சபைதான். சிக்கல் அந்த வேலையில் இருக்கிறது. நோயாளியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் பாதியில் எழுந்து போக வேண்டும். தாழ்மைக்காகப் பரீட்சையில் வேண்டுமென்றே தோற்கச் சொல்கிறார் ஒரு மதர். அவள் தோற்கவில்லை. காங்கோ தள்ளிப்போகிறது, மனநோயாளிகளிடம் அனுப்பப்படுகிறாள். உலகத்துக்குள் போ, ஆனால் உலகம் உன்னைத் தொடக் கூடாது என்றால் எப்படி? ‘நன்’ என்ற தலைப்பு இந்த முரணை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் குறை.

கடைசியில் அப்பாவைக் கொன்ற ஜெர்மானியர்களை அவளால் மன்னிக்க முடியவில்லை. தனியாக உடை மாற்றுகிறாள், கதவு திறக்கிறது, சந்தில் நடந்து போகிறாள். பின்னணி இசை கிடையாது. முன்பெல்லாம் அதை விடுதலை என்று ரசித்தேன். இப்போது அப்படிப் பார்க்க முடியவில்லை. சூசன் சிறையிலிருந்து தப்பினாள். லூக் விட்டுவிட்டுப் போவது, தானே தேடிப் போன வீட்டை.