ஜியார்டெல்லோ இழந்த பதினைந்து சுற்றுகள்

1999ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ஹரிகேன்’ திரைப்படம் ஒரு நீதிமன்ற வரலாறாகவே பெரும்பாலும் பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. அதைக் குத்துச்சண்டையின் பதிவாக எடுத்துக்கொண்டு அலசியவர்கள் குறைவு. கொலைக் குற்றச்சாட்டில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறையில் அடைபட்டிருந்த கறுப்பின வீரர் ரூபின் கார்ட்டரின் வாழ்வை, ரொறன்ரோவில் பிறந்த நோர்மன் ஜூவிசன் இயக்கினார். கார்ட்டராக நடித்த டென்சல் வொஷிங்டன் கோல்டன் குளோப் விருதையும் பேர்லின் விழாவின் வெள்ளிக் கரடி விருதையும் வென்றதோடு, ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். 2024 ஜனவரியில் ஜூவிசன் 97 வயதில் மறைந்தபின், அவருடைய படங்களை மீண்டும் எடைபோடுவோர் இப்படத்தின் மேடைக் காட்சிகளை, அவை சித்திரிக்கும் ஆட்டங்களோடு ஒப்பிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அந்த ஆட்டங்களுள் முதன்மையானது, 1964 டிசம்பர் 14 அன்று பிலடெல்பியாவில் நடந்த நடுத்தர எடைப் பிரிவு, அதாவது 160 இறாத்தலுக்கு மேற்படாதோர் மோதும் பிரிவின், உலகப் பட்டப் போட்டியாகும். பட்டத்தைத் தன்வசம் வைத்திருந்தவர் ஜோய் ஜியார்டெல்லோ. அதற்கு முந்தைய ஆண்டு எமில் கிரிஃபித்தை முதற் சுற்றிலேயே வீழ்த்திய கார்ட்டர், அந்த இடிபோன்ற குத்துகளின் புகழோடு அவரை எதிர்கொண்டார். நான்காம் சுற்றில் கார்ட்டரின் வலக்கைக் குத்துகள் சில ஜியார்டெல்லோவின் தலையில் இறங்கி அவரைத் தள்ளாட வைத்தன என்பது உண்மையே. ஆனால் கார்ட்டரால் அந்த வாய்ப்பைத் தொடர்ந்து பயன்படுத்த இயலவில்லை. ஐந்தாம் சுற்றிலிருந்து ஆட்டம் ஜியார்டெல்லோவின் பிடிக்குள் சென்றது. பதினைந்து சுற்றுகள் முடிந்தபோது, புள்ளியிட்ட மூவரும் ஒருமனதாக ஜியார்டெல்லோவுக்கே வெற்றியை அளித்தனர். திரையிலோ இது முற்றிலும் தலைகீழாகிறது: இறுதிச் சுற்றில் ஜியார்டெல்லோ முகத்தில் இரத்தம் வழிய, ஏறத்தாழச் செயலற்று நிற்கிறார், வெற்றி அவருக்கென அறிவிக்கப்படுவது நிறவெறியின் விளைவாகக் காட்டப்படுகிறது.

வொஷிங்டனின் உழைப்பில் குறை காண இடமில்லை. நாற்பத்தைந்தை நெருங்கிய வயதில் நீண்ட காலம் பயிற்சி பெற்று, உடலை ஒரு தொழில்முறை வீரரின் உடலாகவே அவர் மாற்றியிருந்தார். ரொஜர் டீக்கின்ஸின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவும் அக்காலத் தொலைக்காட்சி ஒளிபரப்பின் சாயலைத் தந்தது. எனினும், கார்ட்டர் 5 அடி 8 அங்குல உயரமே கொண்டவர். அத்தகைய வீரர், தம்மைவிட நீண்ட கைகளை உடைய எதிரியிடம் குத்து வாங்காமல் நெருங்கிச் சென்று, இடக்கையை வளைத்து வீசும் ‘ஹூக்’ எனும் குத்தால் முடிவு காண வேண்டியவர். உயரமான வொஷிங்டனிடம் சினம் முழுமையாக வெளிப்படுகிறது. எட்டாத தூரத்தைக் கடக்க வேண்டிய குள்ளமான வீரரின் அவசரம் வெளிப்படவில்லை. தனிமைச் சிறையில் கார்ட்டர் தம்மோடு தாமே வாதிடும் காட்சியில்தான் நடிப்பு உச்சத்தைத் தொடுகிறது, அங்கே உயரத்துக்கு வேலையில்லை.

ஜியார்டெல்லோ வழக்குத் தொடுத்தார். அது நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. டிவிடி பதிப்பில் ஜூவிசன் அவரைச் சிறந்த வீரரென ஒப்புக்கொண்டார். ஆயினும் திரையரங்கில் கண்டவர் கோடி, டிவிடியின் விளக்கவுரையைக் கேட்டவர் சிலரே. ‘சார்பட்டா பரம்பரை’யில் பா. ரஞ்சித் வட சென்னையின் உண்மையான பரம்பரைகளை எடுத்துக்கொண்டபோதும், கபிலன், வேம்புலி என வீரர்களைக் கற்பனையாகவே படைத்ததால், உயிருள்ள எவருடைய வெற்றியும் அங்கே பறிபோகவில்லை.

இந்தத் திரிபு வருத்தம் தருவதற்குக் காரணம், அது தேவையற்றதாக இருந்ததே. 1985இல் கூட்டாட்சி நீதிபதி லீ சரோக்கின் கார்ட்டரின் தண்டனையை நீக்கியபோது, அரச தரப்பு நிறவெறியைத் தூண்டியதையும் சான்றுகளை மறைத்ததையும் தெளிவாகச் சுட்டிக்காட்டியிருந்தார். இவ்வளவு வலுவான அநீதிக்கு, மேடையிலும் ஓர் அநீதியைப் புனைந்து முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எதிராளிக்கு உரிய மதிப்பளிக்கும் கலையை ஜூவிசன் நன்கறிந்தவர் என்பதற்கு, ஐந்து ஒஸ்கார் விருதுகளை வென்ற ‘இன் தி ஹீற் ஒஃப் தி நைற்’ (1967) சான்றாகும்: கறுப்பினத் துப்பறிவாளரோடு முரண்படும் வெள்ளையினக் காவல் தலைவர் அங்கே தனிமையும் தயக்கமும் உள்ள முழு மனிதராக நிற்கிறார், அப்பாத்திரத்தை ஏற்ற ரொட் ஸ்ரைகரே சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார். அந்தப் பெருந்தன்மையில் ஒரு பங்குகூட ஜியார்டெல்லோவுக்குக் கிடைக்கவில்லை.

சொல்லப்படாமல் விடப்பட்டதும் கவனத்துக்குரியது. 1965 மே மாதத்தில் நைஜீரிய வீரர் டிக் டைகர், நியூயோர்க்கில் கார்ட்டரை மூன்று முறை தரையில் வீழ்த்தி வென்றார். அவ்வாண்டில் லூயிஸ் றொட்றிகெசிடமும் கார்ட்டர் தோற்றார். ஆகவே 1966இல் கைதானபோது அவர் பட்டத்தின் வாயிலில் நின்றவர் அல்லர், தரவரிசையில் சரிந்துகொண்டிருந்தவர். விடுதலைக்குப்பின் ரொறன்ரோவில் குடியேறி, தவறாகத் தண்டிக்கப்பட்டோருக்கான அமைப்பொன்றைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்தி, 2014இல் இந்நகரிலேயே மறைந்த அந்த மனிதரின் பெருமைக்கு, உலகப் பட்டம் ஒருபோதும் நிபந்தனையாக இருந்ததில்லை.