நல்ல தையல்

வெட்டுக்காயத்துக்குத் தையல் போடும் தேர்ந்த கையைப் பார்த்தால் மனம் நிறையும். மரத்துப்போக ஊசி போட்டபின், சலைனைப் பீய்ச்சி நெடுநேரம் கழுவுகிறார்கள். மண்ணோ கண்ணாடித் துகளோ உள்ளே தங்கக்கூடாது. பாதி குணம் இந்தக் கழுவலில்தான் என்பேன். வளைந்த ஊசி தோலில் செங்குத்தாக இறங்கி, மறுகரையில் அதே ஆழத்தில், அதே தூரத்தில் வெளிவருகிறது. ஓரங்கள் லேசாக மேலெழும்பிச் சந்திக்கின்றன. முடிச்சு காயத்தின்மேல் உட்காராமல் பக்கவாட்டில் ஒதுங்குகிறது. மிக இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துவிடும். பின்னால் வரும் வீக்கத்துக்கும் இடம்விட்டுக் கட்டும் அந்த நிதானம் எவ்வளவு அழகு! நாய்க்கடியைப் பெரும்பாலும் உடனே தைக்காமல் விடுவதும் இதே கைத்தேர்ச்சிதான்.

முகத்துத் தையலை ஏறத்தாழ 5 நாளில் பிரிப்பார்கள்; காலில் 10 முதல் 14 நாள். அதற்குள் காயம் சிவந்து வீங்கினாலோ சீழ் வைத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.